எலும்புக்குள் ஒரு பின்னல்

சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது அவள் தொழில். சாரத்தில் ஏறிவிட்டால் இறங்க மனமே வராது. அப்படிப்பட்டவள் வாசலில் லேசாகத் தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அது கூடிய கொஞ்ச நாளில் குளியலறையில் வழுக்கித் தோளும் முறிந்தது. எலும்பு அடர்த்திச் சோதனையிலோ குறை எதுவும் தெரியவில்லை.

“கண்ணைப் பிடரியில வச்சுக்கிட்டு நடந்தா இப்படித்தான்,” என்றாள் நாத்தனார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணி. என்ன கோளாறுன்னு தெரியாம விடப்போறதில்ல.”

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, டாக்டர் இடுப்பை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அந்தக் குழாய்க்குள் சத்தம் காதைப் பிளந்தது. மூக்கு வேறு அரித்தது. அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைபோலக் கிடந்தாள்.

“எலும்புக்குள்ள வலை மாதிரி பின்னல் இருக்கும்மா,” என்று டாக்டர் திரையைக் காட்டினார். “உங்களுக்கு அது அங்கங்க அறுந்திருக்கு. அடர்த்திச் சோதனையில இது தெரியல. மருந்து தர்றேன், பயிற்சி செய்யுங்க. இப்போதைக்குச் சாரம் வேண்டாம்.”

ஒருநாள்கூட மருந்தை விடவில்லை. தரையில் நின்றபடி எட்டும் சுவர்களை மட்டும் அடித்தாள்.

அடுத்த ஆண்டுப் படத்தில் பின்னல் மேற்கொண்டு அறுபடவில்லை. “முதல் தட்டு வரைக்கும் ஏறலாம்,” என்றார் டாக்டர்.

ஏறினாள். கீழே யாரோ சாரத்தை இறுகப் பிடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தால், நாத்தனார்.

“விடுங்க அண்ணி, விழமாட்டேன்.”

“நீ சுவத்தைப் பாரு!”