குழாயில் தெரிந்த பொங்கல்

நெய்வேலிக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில், மார்கழி விடியற்காலைப் பாராயணம் முடிந்ததும் சர்க்கரைப் பொங்கல் வழங்குவது வழக்கம். நெய் வழியும் அப்பொங்கலை என் மனைவி ஒருநாளும் உணவாகக் கருதியதில்லை, அது பிரசாதம்.

அவ்வாண்டு சமுதாயக் கூடத்தில் நடந்த இலவச முகாமில் மருத்துவ, செவிலிய மாணவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, வந்தவரின் உடல்நிலையைக் கலந்து பேசிப் பழகினார்கள். ஆய்வக மாணவிகளுக்கு மட்டும் பின்னறை. அடியார் கூட்டத்தோடு சேர்ந்தே அருளை வேண்டும் பாசுரங்களில் ஊறிய எனக்கு அது சற்றே உறுத்தியது. நானும் மனைவியும் போன அன்று முதன்முறையாக அவர்களுள் ஒருத்தியை, பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண்ணை, முகாமை நடத்திய பேராசிரியை மேசைக்கு அழைத்திருந்தார்.

"இன்னிக்கு ஒருநாள் பார்க்கறேன். இதனால பிரயோஜனம் இல்லைன்னா பழையபடி பின்னறைதான்" என்றார். கதவோரம் அவளுடைய தோழியர் எட்டிப் பார்த்து நின்றனர்.

மனைவிக்கு ரத்தம் எடுக்குமுன் செவிலிய மாணவி கேட்டாள்: "வெறும் வயிறுதானேம்மா?"

"இன்னும் அடுப்பே பத்தவைக்கலை" என்றாள் மனைவி.

முடிவு வந்தது. மருத்துவ மாணவன் நெற்றியைத் தேய்த்தான். "சர்க்கரை கூடுதலா இருக்கு. போன மாச ரிப்போர்ட் சரியா இருக்கே. பிடிபடலையே."

வடக்குத்துப் பெண் ரத்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். "ரெண்டு தபா போட்டுப் பாத்துட்டேங்க, மாறல. ஆனா மேல நிக்கிற தண்ணி பால் மாதிரி கலங்கிக்கினு இருக்கு. நெய், எண்ணெ சாப்ட்டா இப்டி ஆவும். சில பேருக்குச் சாப்புடாமலே ஆவும். இன்னொரு வாட்டி கேக்கலாங்களா?"

"கையைப் பிடிச்சப்ப எனக்கும் நெய் வாசம் வந்துச்சு" என்றாள் செவிலிய மாணவி.

"அம்மா, காலைல வாயில இன்னா போட்டீங்க?" என்று கேட்டாள் வடக்குத்துப் பெண்.

"பிரசாதம்தான்."

"எவ்ளோங்க?"

"ரெண்டு தொன்னை" என்றேன் நான்.

"மூணு" என்று திருத்தினாள் மனைவி. "பெருமாள் குடுக்கறதை வேணாம்னா சொல்றது?"

"அவர் குடுத்ததுதான் குழாயில மிதக்குது பாட்டி" என்றான் மருத்துவ மாணவன். மனைவியே முதலில் சிரித்தாள்.

மனைவியை மறுநாள் பிரசாதத்துக்கு முன்பே வரச் சொன்ன பேராசிரியை, கதவுப்பக்கம் திரும்பினார். "அங்கே ஏன் நிக்கறீங்க? ஆளுக்கொரு நாற்காலி எடுத்துட்டு வாங்க."

நாற்காலிகள் இழுபடும் ஓசையில் கூடம் அதிர்ந்தது. மருத்துவ மாணவன் நகர்ந்து இடம்விட்டான்.

"இன்னாடி, ஒருநாள்ல டாக்டராயிட்டியா?" என்று ஒருத்தி வடக்குத்துப் பெண்ணின் காதருகே சீண்டினாள்.

"நீ மொதல்ல உக்காரு. அடுத்த ஆள் வந்துட்டாங்க."