பிடித்தால் விடாத கை

காஜா பெராங் என்ற ஊரில் எங்களுக்கு டோபி வேலை. கிணற்றடியில் நான் துவைப்பேன். என் சம்சாரம் பிழிவாள்.

பிழிந்து முடித்ததும் அவள் கை திறக்காது. விரல்கள் துணியைக் கவ்வியபடியே நிற்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தானே பிரியும். பத்து எண்ணுவதற்குள் சரியாகிவிடும். மழை நாளில் இன்னும் கொஞ்சம் நேரமாகும்.

அடுத்த வீட்டு அக்கா பார்த்துச் சிரிப்பார்.

"என்னடி, ஊரான் சட்டைய விட மனசில்லையா?"

"கல்யாணத்தன்னிக்கே இவரு விரல விடல. சட்டைய விட்டுருவேனாக்கா?"

அது உண்மைதான். மணவறையைச் சுற்றி வந்து உட்கார்ந்த பிறகும் என் சுண்டுவிரல் அவள் கையில் இருந்தது. எல்லாரும் கேலி செய்தார்கள்.

எனக்கு அது சீக்காகத் தோன்றவில்லை. சவுக்காரத் தண்ணீரில் ஊறுகிற கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வாரம் மூட்டை மூட்டையாக வெள்ளை உடுப்பு வந்தது. ஊர்வலம் போகிறவர்களுடையது. இரண்டாம் நாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல், வாந்தி. மூன்று வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். தமிழ் பேசும் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் தாளோடு வந்தார்.

"இழுப்பு, நெஞ்சு வலி, வேற சீக்கு ஏதும் இருக்கா?"

"இல்லைங்க மிஸ்ஸி."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். தள்ளுவண்டிக்கு மாற்றும்போது கை வரவில்லை.

"கை ஏன் இப்படி?"

"டோபி வேலைங்க. பிழிஞ்சு பிழிஞ்சு அப்படி ஆயிருச்சு. வேற ஒண்ணுமில்ல."

நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

கதவுவரை போனேன். என் சுண்டுவிரல் அவள் கையில் இருந்தது. உள்ளேயிருந்து அவசரப்படுத்தினார்கள்.

"விடு புள்ள."

"நானா மாட்டேங்கிறேன்? கொஞ்சம் இருங்க" என்று அந்த வலியிலும் சிரித்தாள்.

நான் இருக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன்.

மயக்கத்துக்கு ஊசி போட்டதும் உடம்பு விறைத்துவிட்டதாம். தாடை பூட்டிக்கொண்டதாம். மூச்சை உள்ளே ஏற்ற முடியவில்லை. கத்தி வைக்கவே இல்லை. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார் டாக்டர். அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

உடுப்பு மூட்டை வீட்டில் கிடந்தது. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து துவைத்துக் கொடுத்தேன். ஊர்வலம் பார்க்கப் போகவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டனுப்பினார்கள். பென்சிலைக் கேட்டால் கொடுப்பதில்லை, அடம் என்றார் டீச்சர். வீட்டில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். முடித்த பிறகும் பென்சில் கையில் இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அவளை ஒரு துணி பிழிய நான் விட்டதில்லை.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவள் கட்டைவிரல் மேட்டில் சின்னச் சுத்தியலால் தட்டினார். விரல் மடங்கி, மடங்கியபடியே நின்றது.

"இது தசையில இருக்கிற சீக்கு. வம்சத்துல வர்றது. வீட்டுல வேற யாருக்கும் உண்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மயக்கம் குடுக்கும்போது தசை தளர ஒரு ஊசி போடுவாங்க. இவங்களுக்குத் தளராது, இறுகிப்போகும். முன்கூட்டியே தெரிஞ்சா அந்த ஊசியப் போட மாட்டாங்க."

"அன்னிக்கே நான் சரியா சொல்லியிருந்தா?"

"அப்ப உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார். நல்ல மனுஷன்.

ஆனால் மிஸ்ஸி என்னிடம் கேட்டார். கையைக் காட்டியே கேட்டார்.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டினாள். மனப்பாடம் செய்துகொண்டேன்.

சாலையைக் கடக்கும்போது அவள் என் சுண்டுவிரலைப் பிடிப்பாள். பள்ளிக்கூட வாசல் வந்த பிறகும் கை வராது. மணி அடித்துவிடும்.

"லேட்டாச்சுப்பா. நீங்களே பிரிச்சு விடுங்க" என்பாள்.

நான் பிரிப்பதில்லை. அது தானாக விடும்வரை நிற்பேன்.