தட்டு மாத்துற இடைவெளி

லவுட்ஸ்பீக்கர் கட்டுறவனுக்கு நல்ல நாள், கெட்ட நாள் எண்டு ஒண்டும் இல்லை. கூப்பிட்ட நாள், கூப்பிடாத நாள் எண்டு இரண்டுதான்.

இந்தத் தொழிலிலை கிடந்து காது மந்தமாப் போன சகோதரங்கள் எத்தினை பேர் இதை வாசிக்கிறியளோ தெரியாது. உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பற்றறி சுமந்து நாரி முறிஞ்சது, அசிட் தெறிச்சுக் கட்டின சாரம் ஓட்டை விழுந்தது, நீங்கள் மரத்திலை ஏறிக் குழாய் கட்டேக்கை கீழை நிண்டு ஊர் முழுக்க யோசனை சொன்னது எல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றவைக்காகச் சொல்லுறன். ஐம்பதுகளின்ரை கடைசியிலை கிளிநொச்சியிலை நான் ஒரு செற் வைச்சிருந்தனான். ஒரு ஆம்பிளிஃபையர், ஒரு கிராமபோன், இரண்டு குழாய், ஒரு பெட்டி நிறையச் சினிமாப் பாட்டுத் தட்டு. ஒரு தட்டு மூண்டு நிமிசத்திலை முடிஞ்சுபோம். பிறகு ஊசி மாத்தி, தட்டு மாத்தித் திரும்ப வைக்கோணும். குழாய்க்குப் பக்கத்திலை குந்தியிருக்கிறவனுக்கு ஊரின்ரை சத்தம் கேக்கிறது அந்த இடைவெளியிலை மட்டும்தான்.

மேளகாரருக்கு ஓய்வு

உருத்திரபுரத்திலை ஒரு கலியாணம். பொம்பிளையின்ரை தகப்பன் யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து குளத்துத் தண்ணியிலை வயல் செய்து நிமிந்த மனிசன். ஊரிலை முதல் குழாய் தன்ரை வீட்டிலைதான் பாடவேணும் எண்டு நிண்டார். மேளகாரரும் யாழ்ப்பாணத்திலை இருந்து விடிய முதல் பஸ்ஸிலை வந்து பந்தலுக்கை இருந்தவை. நாயனக்காரர் சீவாளியை வாயிலை வைச்சு ஒரு ஊதல் ஊத முதல், வீட்டுக்காரர் ஓடிவந்து, “நீங்கள் வந்த களைப்பு. முதல் போய்ச் சாப்பிடுங்கோ. தம்பி பாட்டுப் போடட்டும்” எண்டார்.

சாப்பிட்டு வந்தவையை ஆரும் ஊதச் சொல்லேல்லை. சனம் குழாய்க்குக் கீழை நிண்டு அண்ணாந்து பாத்தபடி. தாலி கட்டேக்கை மட்டும் என்ரை பக்கம் கையைக் காட்டி நிப்பாட்டுவிச்சினம், கெட்டிமேளம் கொட்டினது, மூண்டாம் முடிச்சு விழுந்த உடனை திரும்பப் போடச் சொல்லிச்சினம். நாயனக்காரர் வாத்தியத்தை உறையிலை போட்டுக்கொண்டு என்னட்டை வந்தார். கோவத்தோடை வாறார் எண்டு நான் எழும்பி நிண்டன். மனிசன் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார்: “தம்பி, கெட்டிமேளத்துக்கும் ஒரு தட்டு வந்தால் ஒரு சொல்லுச் சொல்லிவிடும், நாங்கள் வீட்டிலையே படுத்துக் கிடப்பம்.”

செத்த வீட்டுத் தட்டு

அடுத்த மாரிக்கு அதே வீட்டுக்காரரின்ரை தாய் செத்துப்போனா. திரும்பவும் எனக்கு ஆள் வந்தது. “சோகமாப் போடும்” எண்டார் வீட்டுக்காரர். என்னட்டைச் சோகத்துக்கு எண்டு இருந்தது ஒரே ஒரு தட்டு. காதலி வேறை ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போனதுக்கு ஒருத்தன் அழுற பாட்டு. எழுபத்தைஞ்சு வயசுக் கிழவியின்ரை பிரேதத்துக்கு முன்னாலை அதைத்தான் திரும்பத் திரும்பச் சுத்தினன். என்ன செய்யிறது, சொல்லுங்கோ.

ஒப்பாரி வைக்க வந்த பொம்பிளையள் ஆளை ஆள் கட்டிப்பிடிச்சு வாயைத் திறந்தினம். தங்கடை குரல் தங்களுக்கே கேக்கேல்லை. கொஞ்ச நேரத்திலை ஒவ்வொருத்தரா வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேக்கத் தொடங்கிச்சினம். பின்னேரம் ஊசி மாத்தேக்கை பாத்தன், ஒரு மனிசி அந்தக் காதல் பாட்டின்ரை மெட்டை முணுமுணுத்துக்கொண்டு இருந்தா. செத்தவவின்ரை மகள்தான்.

அண்டைக்கு நாயாற்றுக் கடற்கரையிலை இருந்து லொறியிலை கருவாடு கொண்டுவந்த ஒருத்தரும் அங்கை நிண்டவர். அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார். கரைவலை வைச்சிருக்கிற முதலாளியைச் சம்மாட்டி எண்டுதான் சொல்லுறது. செத்தது ஆர், என்ன வருத்தம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. குழாயைப் பாத்தார், என்னைப் பாத்தார், இது எவ்வளவு தூரம் கேக்கும் எண்டார். நான் வாயைத் திறக்க முதல் வீட்டுக்காரர் பெருமையோடை மறுமொழி சொன்னார்: “எங்கடை பொம்பிளையள் அழுதால் பக்கத்து வளவுக்குத்தான் கேக்கும், இது குளக்கட்டு வரைக்கும் கேக்குது.”

கடற்கரைக்குப் பாட்டு

கடல் அடங்கி வலை போடத் தொடங்கின உடனை சம்மாட்டியார் ஆள் அனுப்பினார். இளம் பெடியள் அவரின்ரை வலைக்கு வர மாட்டம் எண்டு நிக்கிறாங்களாம். பாட்டுப் போட்டால் வருவாங்களாம். வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு கம்பம் நட்டுக் குழாயைக் கடலைப் பாக்கக் கட்டினன். சொன்ன மாதிரியே பெடியள் வந்தாங்கள். தலையிலை எண்ணெய் பூசி, நெத்தியிலை மயிரைச் சுருட்டி விட்டுக்கொண்டு கயிறு இழுக்க வந்தாங்கள்.

கரைவலை தெரியாதவைக்கு ஒரு சொல்லு. வலையின்ரை இரண்டு பக்கத்துக் கயித்தையும் இரண்டு கூட்டம் தூரத்தூர நிண்டு கரைக்கு இழுக்கும். நடுவிலை மீன் சேருற பை, அதுதான் மடி. மடியோடை ஒருத்தன் நீந்தி வருவான். எங்கையாவது சிக்கினால் அவன் கத்துவான். இழுக்கிறதுக்கு அம்பாப் பாட்டு. ஒருத்தர் சொல்லிக் குடுக்க மற்றவை திருப்பிச் சொல்லி இழுப்பினம். அங்கை அம்பா சொல்லுறவர் சூசை. நல்ல வாய்க்காரன், வீண் பெருமைக்காரன், பின்னேரத்திலை கள்ளும் கொஞ்சம். தன்ரை குரலுக்குச் சுறாவும் திரும்பிப் பாக்கும் எண்டு சொல்லுவார். குழாயைக் கண்ட அண்டைக்கே சம்மாட்டியாரோடை கொழுவத் தொடங்கினார்.

சம்மாட்டியார் சும்மா சிரிச்சார். “நீ கத்துறதை விட அது வடிவாப் பாடுது, சூசை.” சூசை கையிலை இருந்த கயித்தை மணலிலை போட்டார். “நான் அம்பாவை நிப்பாட்டினால் எல்லாற்றை கையும் நிக்கும், சம்மாட்டியார். உந்தப் பாட்டு ஆரின்ரை சொல்லுக் கேட்டு நிக்கும்?”

சூசை எறிஞ்ச அடி

ஆரும் சூசையைக் கலைக்கேல்லை. பாட்டுச் சொல்ல ஆள் தேவையில்லாமல் போச்சுது, அவ்வளவுதான். மற்றவையோடை மற்றவையா நிண்டு கயிறு இழுத்தார். ஆனால் மனிசன் சும்மா இருக்கேல்லை. நான் தட்டு மாத்துற இடைவெளி வந்த உடனை, அடிவயித்திலை இருந்து அம்பாவிலை ஒரு அடி எடுத்து எறிவார். பெடியள் விழுந்து விழுந்து சிரிப்பாங்கள். “சூசையண்ணை தொடங்கிட்டார்” எண்டு விசில் அடிப்பாங்கள். அவரும் ஒரு மாதிரிச் சிரிப்பார். அது பகிடி எண்டுதான் நானும் நினைச்சன். பகிடி இல்லை, தன்ரை இடத்தை விட மனமில்லாமல் மனிசன் கெஞ்சினது எண்டு இப்ப விளங்குது.

சம்மாட்டியாருக்கு அது பிடிக்கேல்லை. தட்டைக் கெதியாய் மாத்தும் எண்டு என்னை ஏசினார். மடியோடை நீந்துறவன் காய்ச்சலிலை படுக்க, அந்த இடத்துக்குச் சூசையைப் போகச் சொன்னார். சூசைக்கு நாப்பது தாண்டிட்டுது. காலிலை திருக்கை முள்ளுக் குத்தின பழைய காயம் வேறை. பெண்சாதி றோசம்மா மீன் தரம் பிரிச்சுக்கொண்டு இருந்தவ, எழும்பிப்போய்ச் சம்மாட்டியாரைக் கேட்டுப் பாத்தா. பலனில்லை. திரும்பி வரேக்கை என்னைத் தாண்டித்தான் போனா. என்னிலை கோவப்படுவா எண்டு நினைச்சன். “வாயாலை உழைச்சவர் இனிக் காலாலையும் உழைக்கட்டாம், தம்பி” எண்டு மட்டும் சொன்னா.

சிரிச்ச காலமை

அண்டைக்கு வலை கனத்துக் கிடந்தது. நல்ல மீன் எண்டு எல்லாருக்கும் உற்சாகம். சூரியன் கடலிலை இருந்து எழும்பி நேரே கண்ணுக்கை அடிச்சுது. தண்ணியிலை நிக்கிறது மனிசனோ கட்டையோ எண்டு கரையிலை இருந்து பிடிபடேல்லை. பெடியள் பாட்டின்ரை மெட்டுக்கு ஆடி ஆடி இழுத்தாங்கள். இரண்டு கூட்டமும் ஒண்டை ஒண்டு கேக்காமல் தன்ரை தன்ரை பாட்டுக்கு இழுத்தது.

தட்டு முடிஞ்சுது. நான் ஊசியைக் கழட்டினன். அந்த இடைவெளியிலை கடல் பக்கத்திலை இருந்து சூசையின்ரை குரல் வந்துது. நீட்டி, உரத்து, அடிவயித்திலை இருந்து. கரை முழுக்கச் சிரிச்சுது, உங்களைக் கும்பிட்டுச் சொல்லுறன், நானும் சிரிச்சன். தண்ணிக்கை நிண்டும் மனிசன் விடுறார் இல்லை எண்டு ஆரோ சொன்னான். சம்மாட்டியார் கையை ஆட்டினார். “போடும், போடும், அவன் தொடங்கிட்டான்.”

விசாரணை

மடி கரைக்கு வரேக்கை சூசை அதுக்கு அடியிலைதான் வந்தார். காயப்பட்ட கால் அடிக்கயித்திலை சுத்திக் கிடந்தது. நான் ஓடிப்போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்தும் தட்டுச் சுத்திக்கொண்டுதான் இருந்தது. நிப்பாட்டவேணும் எண்டு எனக்கும் தோன்றேல்லை, மற்றவைக்கும் தோன்றேல்லை. அது தானாய் முடிஞ்சு நிண்டுது.

மத்தியானம் மரண விசாரணைக்கு ஒருத்தர் வந்தார். சம்மாட்டியார் கதிரை போட்டு இளநீர் குடுத்தார். கடல் தொழிலிலை நடக்கிற விபத்து எண்டு எழுதிக்கொண்டு, கடைசியாய் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், அவர் கூப்பிட்டது ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ எண்டு. நெத்தியிலை மயிர் சுருட்டின பெடியன் ஒருத்தன் முன்னுக்கு வந்தான். “கேட்டது ஐயா, எல்லாருக்கும் கேட்டது. பாடுறார் எண்டு நினைச்சம்.”

கடைசிக் கட்டு

செத்த வீட்டுக்கும் குழாய் கட்டச் சொல்லிச் சம்மாட்டியார்தான் ஆள் அனுப்பினார். ஒரு குறையும் இல்லாமல் அனுப்பவேணும் எண்டாராம். எனக்கு விருப்பமில்லை. ஆனால் மாட்டன் எண்டு சொல்லவும் வாய் வரேல்லை. உருத்திரபுரத்திலை கிழவிக்குச் சுத்தின அதே தட்டைத்தான் வைச்சன். அது தேய்ஞ்சு கரகரத்துப் போச்சுது. கோயில் பொம்பிளையள் செபம் சொல்லத் தொடங்கினதும் எனக்குப் பொறுக்கேல்லை. ஊசியைத் தூக்கினன்.

செபம் சொன்னவையும் திடுக்கிட்டு நிப்பாட்டிச்சினம். அதுக்கை கடல் இரையிறது கேட்டது. மணலிலை பெடியள் கிசுகிசுக்கிறது கேட்டது. பிரேதத்தடியிலை இருந்த றோசம்மா தலையை நிமித்தினா. எழும்பி என்னட்டை வந்தா. இந்தக் குழாயைக் கழட்டி எறியச் சொல்லப்போறா எண்டு நினைச்சு நான் வயரிலை கை வைச்சன். சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும். அவ என்ரை கையைப் பிடிச்சு விலத்தினா.

“நிப்பாட்டாதை தம்பி. நீ நிப்பாட்டின உடனை அவர் கூப்பிடுறது கேக்குது.”

திரும்பப் போட்டன். பிரேதம் எடுக்கும் மட்டும், தட்டு முடிய முதலே ஊசியைத் திருப்பி வைச்சு, இடைவெளி விடாமல் போட்டன்.

அடுத்த முறை கடல் அடங்கேக்கை அதே கரையிலை வலை வைச்சிருந்த வேறை இரண்டு சம்மாட்டிமாரும் செற் கேட்டு எனக்கு ஆள் அனுப்பிச்சினம், ஆகையாலை தொழில் நல்லாத்தான் நடந்தது எண்டு சொல்லவேணும்.