அக்காவின் அளவு ஜாக்கெட்

பனி விழத் தொடங்கினால் தேயிலைக் கொழுந்து குறைந்துவிடும். கூடை நிறையாது, கங்காணியின் வாயும் ஓயாது. நிறுவைக்குக் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் நாங்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்போம். அப்போது ஒரு பஞ்சாயத்து நடக்கும். முடியப்போகிற வருடத்தில் வந்த சேலைகளில் எது நல்ல சேலை, ஜாக்கெட்டில் எந்தக் கை நல்ல கை, பாட்டில் எது நல்ல பாட்டு? வருடா வருடம் நடப்பதுதான். எங்கள் அபிப்பிராயத்தை உலகத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. அதனால் நாங்களே கேட்டுக்கொண்டோம்.

மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்குப் பத்தொன்பது வயது.

அந்த வருடம் என்னிடம் கேட்கத் தயங்கினார்கள். ஆடி மழையில் என் அக்கா காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். "அவள விடுங்கட்டி, பாவம்" என்றாள் ஒருத்தி. நான் விடவில்லை. "சேலையில ராவுத்தர் கொண்டாந்த மயில்கழுத்து. கையில பஃப் கை. பாட்டுல டீக்கடைப் பாட்டு" என்று கடைக்காரனிடம் சாமான் சொல்வதுபோலச் சொன்னேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவைப் புதைத்த அன்றும் நான் அழவில்லை என்பது எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனுக்கே தெரியும். "கல்லு மாதிரி இருக்கா" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைத்தானே சொன்னாள். குளிரில் விரல் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதல்லவா, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், கொழுந்து எடுத்தேன். வேறொன்றும் இல்லை.

பஃப் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். தோளில் சுருக்கம் வைத்து, பூரி உப்புகிற மாதிரி உப்பி நிற்கும். ஆபீஸ் ரைட்டரின் மனைவிதான் முதலில் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். அடுத்த மாதமே எங்கள் லயத்து வரிசைவீடுகளில் ஒன்று பாக்கியில்லாமல் கைகள் உப்பிவிட்டன. வேலைக்குப் போகும்போது அதன்மேல் கம்பளியைப் போர்த்தி, இடுப்பில் சாக்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினால் கை இருப்பதே யாருக்குத் தெரியும்? உடம்பில் ஏறும் அட்டைகளுக்குத்தான் அந்த அழகைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது. அக்கா மட்டும் கம்பளி போட்டால் கை நசுங்கிவிடும் என்று, மழையில்லாத நாளில் அதை மடித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே கொழுந்து எடுப்பாள். "குளிரலயாக்கா?" என்று கேட்டால், "அழகா இருக்கணும்னா குளிரத்தான் செய்யும்" என்பாள். அதனால்தான் காய்ச்சல் கண்டது என்று பிறகு பேசினார்கள். சுத்தப் பொய். அந்த மழையில் லயத்தில் பாதிப்பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். பேசியவளே கிடந்தாள். அவள் எழுந்துவிட்டாள், அக்கா எழவில்லை.

பாட்டின் கதை வேறு. பஜாரில் ஒரு டீக்கடையில் குழாய் வைத்த கிராமபோன் இருந்தது. இருந்த கொஞ்ச நஞ்ச இசைத்தட்டுகளில் எங்களுக்கு உயிராக இருந்ததில் ஒரு கீறல். ஊசி அந்த இடத்துக்கு வந்ததும் ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லும். மூன்றாவது தடவை கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டி ஒரு தட்டுத் தட்டுவார். பாட்டு மேலே போகும். எஸ்டேட் முழுவதும் அந்தப் பாட்டை அப்படியேதான் கற்றுக்கொண்டது, அந்தச் சொல்லை மூன்று தடவையோடு. கொழுந்து எடுக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அப்படித்தான் பாடினோம். பல வருடம் கழித்துப் போடியில் ஒரு கல்யாணத்தில் கீறலில்லாத தட்டில் கேட்டோம். பாடியவள் அவசரத்தில் இரண்டு தடவையை விழுங்கிவிட்டாள் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

அக்கா தன் குழந்தையை அந்தப் பாட்டில்தான் தூங்கவைப்பாள். பக்கத்து டிவிஷனில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மச்சானுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. அதிகம் பேசாத மனிதர். அக்கா போன பிறகு, இன்னும் நடக்கப் பழகாத அந்தப் பெண்குழந்தையை அம்மா எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டாள். பகலில் எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவிடம் விடுவோம், மற்ற நேரமெல்லாம் என் இடுப்பில். மூன்றாவது தடவை அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கண்ணை மூடும். நானும் சொன்னேன். பாட்டு வாயில் இருந்ததே தவிர எனக்குள் போகவில்லை.

துணிக்காரர் பாலக்காட்டு ராவுத்தர். மழைக்கு முன்னால் ஒரு தரம், மழை விட்டு ஒரு தரம் பஸ் ஏறி வந்து பஜாரில் தங்கி, லயம் லயமாக மூட்டையை அவிழ்ப்பார். ஒரே அச்சில் ஒரு கட்டுச் சேலை கொண்டுவருவதால் ஒரு டிவிஷனே ஒரே பூப்போட்ட சேலையில் மலையில் நிற்கும். கங்காணி தூரத்திலிருந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டுவார். கார்த்திகையில் ராவுத்தர் எங்கள் வாசலில் மூட்டையை அவிழ்த்தபோது நான் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "கோயமுத்தூருல இந்த வருசம் இதுதானுங்க ஓட்டம்" என்று அவர் விரித்தது மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, பட்டு. நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த நான்கைந்து மாதத்தில் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றிய ஒரே பொருள் அதுதான். அம்மா பேரம்கூடப் பேசாமல் எடுத்தாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். துக்க வீடு, தீபாவளிக்குக்கூட யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பட்டு எதற்கு? ஆனால் எதுவும் உறைக்காத காலம் அது.

ஜாக்கெட் துணியையும் அளவையும் தாளில் சுற்றி அம்மா என்னிடம் கொடுத்தாள், பஜாரில் தையல்காரரிடம் போட்டுவிட்டு வரச்சொல்லி. எங்கள் பக்கம் தையல்காரர் பெண்கள்மேல் டேப் வைக்கமாட்டார். வைத்தால் மறுநாள் கடை இருக்காது. உடம்புக்குச் சரியாக இருக்கிற ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டால் போதும். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். அதை விரித்துப்போட்டு அதன்படி வெட்டுவார். ஒவ்வொருத்திக்கும் ஒரு அளவு ஜாக்கெட் இருக்கும். அதை உடுத்தக்கூட மாட்டோம், பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்போம்.

தையல்காரர் தாளைப் பிரித்தார். விரித்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஒங்க அக்கா அளவுல்லா?"

பார்த்ததும் எனக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளை பெற்ற பிறகு இரண்டு பக்கமும் பிரித்துவிட்ட தையல். அக்குளில் நீலத் துணியில் வெள்ளை நூலால் அவளே போட்ட ஒட்டு. அக்கா உடை உடுத்துவதில்தான் ராணி, ஊசி பிடித்தால் கண்றாவி.

"அம்மா மாத்தி வச்சிருப்பாக" என்றேன்.

"மாத்தி வைப்பாகளா? கல்யாண ஜாக்கெட்டு, பாத்துத் தைங்கன்னு சொல்லிவிட்டிருக்காக. தை பொறந்ததும் முகூர்த்தமாமே. ஒங்க மச்சானும் சட்டைத்துணி குடுத்துட்டுப் போயிட்டாரு." என் முகத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். மெஷினில் இல்லாத தூசியைத் துடைத்தார். "ஒனக்குத் தெரியாதா தாயி?"

"தெரியும்" என்றேன்.

தெரியாது என்று பஜாரில் நின்று சொல்வது கேவலமாக இருந்தது. என் கல்யாணம் எனக்குத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காவின் புருஷனுக்கு, அக்காவின் பிள்ளைக்கு, அக்காவின் வீட்டுக்கு என்னைக் கொடுக்கப்போகிறார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இது ஒனக்குச் சாக்கு மாதிரி தொங்கும். ஒன் பழசு ஒண்ணு கொண்டா, அதுக்குத் தச்சுத் தாரேன்."

"அம்மா குடுத்த அளவுக்கே தைங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தன்று அது தொங்கட்டும், இது எனக்கு வெட்டியது இல்லை என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு. அந்த மரத்துப்போன உடம்பில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "அக்கா ஜாக்கெட்டக் குடுத்துவிட்டுட்டிக" என்றேன்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்றாள், திரும்பாமல். "ஒரு பிள்ளை பெத்தா நீயும் அந்த அளவுக்கு வந்துருவ. பட்டு ஜாக்கெட்ட வருசா வருசமா தைக்க முடியும்?" பிறகு ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அந்தப் பச்சமண்ண எவ கையிலயோ குடுக்கச் சொல்லுதியா?"

குழந்தை என் இடுப்பில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அம்மாவை நான் இன்றைக்கும் குறை சொல்லவில்லை. ஒரு மகளைப் புதைத்தவள், இருக்கிற மகளை வைத்து அந்த இடத்தை அடைக்கப் பார்த்தாள். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு உள்ளே ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆளைத்தான் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கம்போல வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் பால் விடாத தேயிலைத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"ஒங்களக் கேட்டாகளா?" என்றேன்.

"கேட்டாக."

"என்ன சொன்னிக?"

"சரின்னேன்." குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒன்னைக் கேக்கலயா?" என்றார்.

"இல்ல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம். கேட்டா பதில் சொல்லணும்" என்றேன். தேயிலைத்தண்ணி ஆறிப்போய் அங்கேயே இருந்தது. அவரும் என்னைப் போலத்தான் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதில் ஆறுதலும் இல்லை, பயமும் இல்லை.

தை பிறந்தது. முகூர்த்தத்தன்று காலையில் லயத்துப் பெண்கள் எங்கள் ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு என்னை உடுத்தினார்கள். சேலை அப்படி ஒரு அழகு. ஜாக்கெட்டைப் போட்டதும் ஒரு தோள் சரிந்து முழங்கை வரை இறங்கியது. பஃப் கை இரண்டும் காற்றுப்போன பந்தாகத் தொங்கின. நான் எதிர்பார்த்தபடியே எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேளம் கோவிலில் தொடங்கிவிட்டது. "உடம்போட வச்சுத் தைக்கக் கூடாதும்பாக, வேற வழியில்ல" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஊசியில் நூலைக் கோத்தாள். முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மடித்தாள். அவள் கைப்பிடியில் இருந்த அவ்வளவு துணியும் அக்காவின் உடம்பு இருக்கவேண்டிய இடம். அதை மடித்து மடித்து இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தாள்.

அவசரத்தில் ஊசி தோளில் ஏறிவிட்டது.

வலித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று வலித்தது. "அக்கா" என்று வாய்விட்டுக் கத்தினேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மை கரைந்து, மூக்கு ஒழுகி, எல்லாம் பட்டின்மேல் வடிய அழுதேன். ஆடியில் அழாததையெல்லாம் அழுதேன். அம்மா என்னைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணப்பெண் அழாவிட்டால் நன்றாகவா இருக்கும்? "அழுதுட்டாட்டி, பொண்ணு அழுதுட்டா" என்று வாசலில் நின்றவர்களுக்குச் சொல்லி, உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் சேர்ந்து குலவை போட்டார்கள்.