வெட்டிய பத்தி

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஓர் அறிவியல் மாத இதழில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட ஆராய்ச்சிக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. சூடாகும் என்பதில் எல்லோரும் ஒன்றுதான். எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கொரு விடை.

காரணம் பெரும்பாலும் மேகம். தாழ்வான அடர்ந்த மேகம் வெயிலைத் தடுக்கும். உயரத்தில் மெலிதாகப் பரவிய மேகம் சூட்டை வெளியே விடாது. கம்ப்யூட்டர் வானத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. மேகமோ கட்டத்தைவிடச் சிறியது. அதனால் சூடேறும்போது எந்த மேகம் கூடும், எது குறையும் என்பதை ஒவ்வொரு குழுவும் தன் அனுமானப்படி வைத்துக்கொண்டது. இடமில்லை என்று இந்தப் பத்தியை வெட்டினேன். விடைகளில் மிகப் பெரியதை மட்டும் எழுதி, கடல் மட்டம் ஏறிக் கடலோர ஊர்கள் முழுகும் என்று தலைப்பிட்டேன்.

பெருமைக்காக அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருந்தாள். மாமா ஏரியில் இறால் பிடிப்பவர். அங்கே வலை போடும் இடம் முறைவைத்துக் கிடைக்கும். ஊரைவிட்டுப் போனால் முறையும் போய்விடும். அக்கா கட்டுரையை அவருக்குப் படித்துக்காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு அஸ்திவாரம் போட இருந்தவர்கள், சில மாதங்களில் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஆரம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது அவர் வேர்க்கடலை நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நேரில் போய், வெட்டியதைச் சொன்னேன். மாமா கோபப்படவில்லை.

“மேகம் நெழலும் குடுக்கும், புழுக்கமும் குடுக்கும்னு எங்களுக்கே தெரியுமே மச்சான். அத்த இன்னாத்துக்கு எடுத்துட்ட?”

அப்படியானால் தண்ணீர் வராதா என்று அக்கா கேட்டாள். வரும், எவ்வளவு, எப்போது என்றுதான் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றேன். திரும்பிப் போவதா, இருப்பதா என்று அதை வைத்து அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அன்று கடையில் வாங்கிய இறாலைக் குழம்பு வைத்துப் போட்டாள்.

அங்கிருந்து நேராகக் குப்பத்துக்குப் போனேன். தப்பு என்னுடையது, மாமாவின் முறையைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவருக்காக வழக்கத்தை மாற்ற முடியாது என்றார்கள்.

அடுத்த இதழில் மேகத்தைப் பற்றிய பத்தியை முழுதாகப் போட்டேன். அந்தப் பிரதியையும் அக்காவுக்கு அனுப்பினேன். படித்தாளா என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.