நேத்து என்ன சாப்பிட்டீங்க?

"நேத்து என்ன சாப்பிட்டே?"

வணக்கமெல்லாம் அப்புறம்தான். போனை எடுத்தவர் வாய் திறப்பதற்குள் ஸோரியானா கேட்டுவிடுவார்.

"ஒண்ணும் விசேஷமா இல்ல பானி..."

"பன்றிக் கொழுப்பு?"

"ஒரே ஒரு துண்டு."

"துண்டா, தட்டா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லு."

ஊரார் ‘பானி’, அதாவது அம்மணி, என்று கூப்பிடும் ஸோரியானா, லிவீவ் நகர டிராம்களில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதித்தவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முகங்கள் ஆயிரம் பார்த்தாயிற்று. வயது ஐம்பத்தாறு, கால் இரண்டும் வீங்கிப்போய் செருப்பில் அடங்குவதில்லை. போர் தொடங்கியதிலிருந்து, புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றில் வேலை. குண்டு விழும் கிழக்கத்தி ஊர்களிலிருந்து, முடி கொட்டிய பிள்ளையும் ஒரு பையுமாக ரயிலில் வந்து இறங்கும் தாய்மார்களுக்கு அறக்கட்டளை அறை தருகிறது, சூப் தருகிறது, மருந்து தேடித் தருகிறது. ரத்தம் தேடுவது மட்டும் ஸோரியானாவின் பாடு.

அதிலும் தட்டணு, அதாவது பிளேட்லெட். மருந்து ஏறிய பிள்ளைக்குத் தட்டணு குறைந்துவிட்டால் மூக்கில் வழிகிற ரத்தம் நிற்காது. எடுத்துச் சேமிக்கலாமென்றால் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. கொடுப்பவர் முதல் நாள் கொழுப்புத் தின்றிருந்தால் ரத்தம் பால் கலந்தாற்போல் வெளுத்துப்போகும்; ரத்த மையத்தில் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பன்றிக் கொழுப்பில்லாமல் சோறு இறங்காத ஊரில் இதைவிடப் பெரிய தலைவலி வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய, ஊரே இறைச்சியும் கொழுப்பும் தொடாத நோன்பு நாட்கள்தான் அவருக்கு நல்ல காலம். "கர்த்தர் இன்னும் ஒரு மாசம் கழிச்சு உயிர்த்தெழுந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று பாதிரியாரிடமே கேட்டவர் அவர்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை. அன்றைய வழக்கப்படி யாரோ மாடியிலிருந்து கவிழ்த்த வாளித் தண்ணீரில் கோட்டு நனைந்து, வைதுகொண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். வாசலில் இன்னா நின்றுகொண்டிருந்தாள். கெர்சோனிலிருந்து வந்தவள், அவள் மகன் மாத்விக்கு ஐந்து வயது. கையிலிருந்த துண்டு முழுக்கச் சிவப்பு.

"விடியக்காலைலேர்ந்து மூக்குல ரத்தம் நிக்கல பானி. சாயங்காலத்துக்குள்ள பிளேட்லெட் ஏத்தணுங்கறாங்க. இல்லேன்னா மூளையில கசிஞ்சு..."

"வாயக் கழுவு. போய் அவன்கிட்ட உக்காரு. நான் கொண்டாறேன்."

சொல்லிவிட்டார். எங்கிருந்து கொண்டு வருவது? சனிக்கிழமை வந்த காயம்பட்ட வீரர்களின் ரயில், சேமிப்பைத் துடைத்து எடுத்துப் போயிருந்தது. அவருக்கோ சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததால் கொடுக்க முடியாது. மாத்வியின் ரத்தவகைக்குப் பட்டியலில் இருப்பது ஒன்பது பேர். மூவர் போர்முனையில், ஒருவர் போலந்தில். மிச்சம் ஐந்து.

"கிறிஸ்து உயிர்த்தார் பானி!" என்று ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னான் முதல் ஆள் ருஸ்லான்.

"மெய்யாகவே உயிர்த்தார். நேத்து என்ன சாப்பிட்டே?"

"பண்டிகை பானி... மாமியார் வீடு. தட்டு காலியாகவே விடல."

"உன் மாமியார் நல்லா இருக்கட்டும்."

இரண்டாவது ஆளுக்குப் போதையே இன்னும் தெளியவில்லை. மூன்றாவது ஆள் ஈஸ்டர் ரொட்டி மட்டும்தான் தின்றேன் என்று சத்தியம் செய்தான். ரொட்டியில் எத்தனை முட்டை என்றார். மனைவியிடம் கேட்டுவிட்டு வந்து, பதினெட்டு என்றான். நான்காவது ஆள், சாசேஜ் கொழுப்பில் சேருமா என்று கேட்டார்.

ஐந்தாவது, பான் ஸெனோவி; ஆண்களை மரியாதையாகப் ‘பான்’ என்பார்கள். பஸ் பணிமனையில் வெல்டர். கூப்பிட்டபோதெல்லாம் வந்து கொடுத்தவர். பிப்ரவரியில் அவருடைய ஒரே மகன் போர்முனையிலிருந்து பெட்டியில் வந்தான். தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்த ஸோரியானா, அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவேயில்லை. பிள்ளையைக் கொடுத்த மனுஷனிடம் போய் ரத்தமும் கேட்பதா? இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு நிறுத்தினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்னா வேறு துண்டு மாற்றுவது தெரிந்தது. மூன்றாம் முறை நிறுத்தவில்லை.

"பானி ஸோரியானாவா? ரொம்ப நாளாச்சே."

உயிர்த்தார் என்று அவரிடம் சொல்ல நா எழவில்லை. "பான் ஸெனோவி... நேத்து... என்ன சாப்பிட்டீங்க?"

"உருளைக்கிழங்கு. வேகவச்சு, உப்புப் போட்டு. பண்டிகைக்கு மேசை போடல பானி. யாருக்குப் போடறது?"

ஸோரியானா சுவரில் சாய்ந்தார். ஆள் கிடைத்தது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டார். எந்தச் சாவால் கிடைத்தது என்று உறைத்ததும் சீ என்றாகிவிட்டது.

"எத்தனை வயசுப் பிள்ளை?"

"அஞ்சு."

"வரேன்."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ரத்த மையத்தில் பான் ஸெனோவிக்கு இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போய், தட்டணுவை விட்டுவிட்டு மறு கை வழியாகத் திரும்பும். ஒன்றரை மணி நேரம் அசையக் கூடாது. உதடு மரத்துப்போகிறது என்றார்; ஸோரியானா இனிப்புத் தேநீரைக் கரண்டியால் புகட்டினார்.

"ஏன் இத்தனை நாளாக் கூப்பிடல?"

"எந்த முகத்த வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?"

"கூப்பிட்டிருக்கலாம். வீட்டுல இப்ப போனே அடிக்கறதில்ல பானி."

பை நிறைந்தது. தெளிந்த மஞ்சள். நர்ஸ் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினாள். பான் ஸெனோவி எழுந்ததும் தலை சுற்றியது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் அங்கேயே இருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு இன்னா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "நின்னுடுச்சு. தூங்கறான்," என்றாள். உடனே திரும்பவும் படியேறிவிட்டாள்.

பான் ஸெனோவி தன் கோட்டை எடுத்தார். இரண்டு முழங்கையிலும் இறுக்கமாகக் கட்டு, கை மடங்கவில்லை. எப்படியோ தோளில் மாட்டிக்கொண்டார், பொத்தானுக்குத்தான் விரல் எட்டவில்லை. ஸோரியானாவின் போன் அடித்தது. வேறு வார்டு, வேறு பிள்ளை. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு அவர் முன்னால் குனிந்து, கீழ்ப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தான் வந்தபோது பான் ஸெனோவி கண்ணை மூடிக்கொண்டு, முகவாயைத் தூக்கிக் கொடுத்தார்.