பதினொரு நாளும் நாற்பது வருடமும்

இங்கிலாந்தில் கொட்பிறியை முதன்முதலாக வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்த மனிதரோடு அவன் நாற்பது வருடம் பேசவில்லை. அந்த மனிதர் போன மாசி மாதம் சிட்னியிலிருந்து அவனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வில்ஃப் கதைக்கிறன். ஏடித்துக்குச் சுகமில்லையாம் எண்டு கேள்விப்பட்டன். நான் வந்து பார்க்கலாமோ எண்டு அவவிட்டக் கேட்டுச் சொல்லுவியா?"

கொட்பிறி மெல்பேணில், கிளேட்டன் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைச் சாட்டலாம்.

"கேட்டுச் சொல்லுறன்," என்றான். நாற்பது வருடத்தில் வில்ஃபுக்கு அவன் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான்.

ஏடித், கொட்பிறியின் மனைவி ஜீனைப் பெற்ற தாய். வில்ஃப், அந்த ஏடித்தின் கூடப்பிறந்த தம்பி. தாய் செத்தபோது தம்பிக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல்நாள் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுத்து வளர்த்தவர் ஏடித். அப்படிப்பட்ட அக்காவும் தம்பியும் ஒரே ஊரில், ஒட்டின சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் விட்டார்கள். பிறகு ஒருவர் மெல்பேணுக்கும் மற்றவர் சிட்னிக்கும் வந்தார்கள். நாட்டை மாற்றினார்கள், மௌனத்தை மாற்றவில்லை. அதற்கும் விசா எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

அந்த ஊருக்குப் பெயர் ரேவன்சைக். வட இங்கிலாந்து. வருடத்தில் நானூறு நாள் மழை பெய்யும் இடம். ஒரு நிலக்கரிச் சுரங்கம், ஒரு தேவாலயம், ஒரு கூட்ட மண்டபம், நாலு வரிசை வீடு, ஊர் முடிந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் தடிப்புத்தான். அடுத்த வீட்டார் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறார்கள் என்று படுத்திருந்தபடியே எண்ணலாம்.

மன்னார்க் கரையில் பிறந்த கொட்பிறி எண்பத்தைந்தாம் ஆண்டுக் கடைசியில், இருபத்தைந்து வயதில், தடித்த கோட்டு ஒன்றும், தெரியாத இங்கிலிஷுமாக அங்கே போய்ச் சேர்ந்தான். ஏடித்தின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை கிடைத்தது. லொறி ஓட்டும் வேலையும் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் நிர்வாகம் இனாமாகக் கொடுக்கும் நிலக்கரியை வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும். கொடுப்பது என்றால் கையில் கொடுப்பதில்லை. வீட்டுப் பின்தெருவில் ஒரு குவியலாகக் கொட்டிவிட்டுப் போவது. வீட்டுக்காரர் இருட்டுமுன் மண்வெட்டியால் அள்ளி, சுவரில் இருக்கிற சின்னக் கதவு வழியாகக் கரிக்கொட்டிலுக்குள் எறிய வேண்டும். ஒரு வீட்டுக்கு லொறி வந்தால் நாலு வீட்டு ஆண்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். கரைவலை இழுக்க ஊர் திரள்வதுபோல் இருக்கிறதே என்று கொட்பிறிக்கு மனம் குளிர்ந்தது.

இரண்டாம் கிழமை, ஏடித் வீட்டுக்கு ஒட்டின வீட்டில் மட்டும் ஒருவரும் வரவில்லை. விரல் இரண்டு நசுங்கிய ஒரு மனிதர் தனியே நின்று அள்ளிக்கொண்டிருந்தார். பாவம், அயலட்டைக்குத் தெரியவில்லைப்போல என்று கொட்பிறி இறங்கிப்போய் ஒரு மண்வெட்டி பிடித்தான். முடிந்ததும் அந்த மனிதர் அவனை உள்ளே கூப்பிட்டு, கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். மூன்று வயதுக் குழந்தை ஒன்று அவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து விளையாடியது. அவர்தான் வில்ஃப்.

மறுநாள் தொடக்கம் ரேவன்சைக்கில் கொட்பிறியோடு ஒருவரும் பேசவில்லை. பாண் கடையில் அவன் முறை வந்ததும் கடைக்காரி பின்னால் போய்விட்டாள். காலை வணக்கத்துக்குப் பதில் இல்லை. தோலின் நிறத்துக்காக இப்படி ஒருநாள் நடக்கும் என்று அவன் விமானம் ஏறும்போதே மனதைக் கட்டிக்கொண்டு வந்தவன். ஆகவே, இதோ தொடங்கிவிட்டது என்று ஒரு கிழமை தலையைக் குனிந்துகொண்டு திரிந்தான். எட்டாம் நாள் ஏடித்தான் அவன் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்து, கையை எடுக்காமல் நின்றார்.

"அந்த வீட்டுத் தேத்தண்ணி, இல்லாட்டி இந்த வீட்டுச் சாப்பாடு. இரண்டும் ஒரு வயித்துக்குள்ள போகாது. எது எண்டு சொல்லு."

நிறத்துக்காக இல்லை, தேத்தண்ணிக்காக என்று தெரிந்ததும் கொட்பிறிக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது போகவே இல்லை.

கதை அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் வருவதற்கு முன்னம் ஒரு வருடம் முழுக்க வேலைநிறுத்தம். ஆண்கள் சுரங்க வாசலில் மறியல் நின்றார்கள். பெண்கள் மண்டபத்தில் பெரிய பாத்திரம் ஏற்றி நாளுக்கு முந்நூறு பேருக்குச் சமைத்தார்கள். அந்தச் சமையலுக்குத் தலைவி ஏடித். இனாம் கரியும் நின்றுபோனது. காலடியில் முழுக்கக் கரி கிடக்கிற ஊரில் அடுப்பு மூட்டக் கரி இல்லாமல், சுரங்கத்துக் கழிவுமேட்டைக் கிண்டிப் பொறுக்கினார்கள். வேலைநிறுத்தம் தோற்று முடிவதற்குப் பதினொரு நாள் முன்னம், வில்ஃப் கல்லெறிக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த நிர்வாகத்தின் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனார். பதினொரு நாளில் எல்லாரும் போகத்தான் போனார்கள். அவர்கள் கொடி பிடித்து, பாண்டு வாத்தியம் முழங்க, தெருவை அடைத்துப் போனார்கள். வில்ஃப் வலைக்குள் இருந்து போனார். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் கருங்காலி.

கொட்பிறி சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். அதற்குப் பிறகு ஏழு வருடம் வில்ஃபின் வீட்டுப் பின்தெருவில் கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் லொறியை எடுத்தான். கண்ணாடியில் மட்டும் பார்ப்பான். அந்த மனிதர் தனியே அள்ளிக்கொண்டிருப்பார். பாண் கடைக்காரி மறுபடி சிரித்தாள். ஊர் அவனைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது, ஜீனையும் கட்டிக் கொடுத்தது.

தொண்ணூற்று மூன்றில் சுரங்கத்தை மூடினார்கள். ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றின சக்கரக் கோபுரத்தை வெடிவைத்து விழுத்தினார்கள். இறைச்சிக்கடைக்குப் பலகை அடித்தார்கள். மண்டபத்தில் கம்பளம் விற்றார்கள். கழிவுமேட்டில் புல் விதைத்து, பார்ப்பதற்கு ஒரு சாதாரணக் குன்று என்று ஆக்கினார்கள். ஆண்களின் நெஞ்சுக்குள் கிடந்த தூசிக்கு ஒருவராலும் புல் விதைக்க முடியவில்லை. ஏடித்தின் கணவர் அதிலேயே போனார். மறியல் நின்றவரும் வேலை இழந்தார், கருங்காலியும் வேலை இழந்தார். அதற்குப் பிறகும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஊரில் இடிபடாமல் மிஞ்சிய ஒரே கட்டடம் அந்த மௌனம்தான்.

ஜீன் தாதி. அவளுடைய வேலையால் மெல்பேணுக்கு வந்தார்கள், ஏடித்தையும் பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். கொட்பிறி இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். வில்ஃபின் மகன் சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறான் என்றும், தகப்பனும் அங்கே வந்துவிட்டார் என்றும் எப்படியோ கேள்விப்பட்டார்கள். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தொலைபேசி வந்த அன்று மாலை கொட்பிறியின் தங்கச்சி அன்னமலர் மீன்குழம்போடு வந்தாள். அவளிடம் சொன்னான்.

"கேட்டுச் சொல்லுறன் எண்டியோ? நீ என்ன, தபால்காரனோ?" என்றாள் அவள். "எங்கட ஊரில வேலிச் சண்டையில கதையாமல் விட்டவையும் செத்தவீட்டுக்கு வருவினம்."

"இது வேலி இல்லையடி. வேலைநிறுத்தம்."

"ஓம், நீயும் நிறுத்தினனியோ? நீ அந்த நேரம் இந்தியாவுக்குப் போற வள்ளத்தில சத்தி எடுத்துக்கொண்டு இருந்தனி. பிறகு நீ ஏன் அந்த மனுசனோட கதைக்காமல் விட்டனி?"

கொட்பிறி குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"மீனைப் பாராதை. என்னைப் பார்," என்றாள் அன்னமலர்.

ஏடித்தின் இருதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. வைத்தியர்கள் ஆசுபத்திரிக் கட்டில் ஒன்றை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இனி எண்ணின நாள்தான் என்பது அதற்கு அர்த்தம். கொட்பிறி கட்டில் ஓரத்தில் இருந்து விசயத்தைச் சொன்னான்.

"எனக்குத் தம்பி இல்லை," என்று ஏடித் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, கஞ்சி பருக்கும்போது, தானாகவே சொன்னார்: "வந்தால் வெளியில நிற்க விடாதை. அயல் பார்க்கும்."

கிளேட்டனில் எந்த அயல் பார்க்கப்போகிறது? இடப்பக்கம் பல்கலைக்கழகப் பெடியள், வலப்பக்கம் ஆறு மாதமாக ஆளில்லாத வீடு. கொட்பிறி அதைச் சொல்லவில்லை. வெளியே போய் வில்ஃபுக்குத் தொலைபேசி எடுத்தான்.

வில்ஃபுக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினார். ஜீன் அவர் முன்னால் சாப்பாட்டை வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அதை எதிர்பார்த்தவர்போல நன்றி சொல்லிச் சாப்பிட்டார். பிறகு அறைக்குள் போய், கட்டிலிலிருந்து எட்டடி தள்ளிக் கதிரையில் இருந்தார். முதல்நாள் முழுக்க அக்கா முகட்டைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் ஏடித் வாய் திறந்தார்.

"கொட்பிறி, அவரிட்டச் சொல்லு, அந்த இடத்தில வெயில் அடிக்கும். கதிரையை இழுத்துப் போடச் சொல்லு."

வில்ஃப் அசையவில்லை. கொட்பிறியையே பார்த்தார்.

"வெயிலாம். கதிரையை இழுக்கட்டாம்," என்றான் கொட்பிறி. பிறகுதான் வில்ஃப் எழும்பினார்.

"அவவிட்டச் சொல்லு, வெயில் எனக்குப் போதாமல்தான் இருந்தது எண்டு."

கொட்பிறி அதையும் சொன்னான். இரண்டு பேருக்கும் காது நல்லாய்க் கேட்கும். ஆனால் அவன் வாயால் வந்தால்தான் அது வார்த்தை. அவன் கூடக்குறையச் சொல்லவும் விடமாட்டார்கள். "இன்னும் கருங்காலிதானோ எண்டு கேள்" என்று ஏடித் சொன்னதை அவன், "மாமி சுகம் கேட்கிறா" என்று மாற்றிப் பார்த்தான்.

"அவ அப்படிக் கேட்கேல்லை," என்றார் வில்ஃப்.

"நான் அப்படிக் கேட்கேல்லை," என்றார் ஏடித்.

கொட்பிறி கேள்வியை உள்ளபடி கேட்டான். அதற்கு வில்ஃப், "ஓம் எண்டு சொல்லு," என்றார்.

மூன்றாம் நாள் ஏடித்தின் மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வசனத்தை மூன்றாகப் பிரித்துத்தான் சொன்னார். "அவரிட்டக் கேள். ஏன் சுவரில தட்டேல்லை எண்டு."

ரேவன்சைக்கில் அவசரம் என்றால் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அடுப்பின் பின்சுவரில் மூன்று தட்டு. பிள்ளைப்பேறோ நெஞ்சுவலியோ, அடுத்த வீட்டுக்காரி என்னவென்று கேளாமலே ஓடிவந்து நிற்பாள். அதுதான் அங்கத்தைய முறை.

கொட்பிறி கேட்டான். வில்ஃப் நசுங்கிய விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு. பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல். வீட்டில கரி இல்லை. அவவிட்ட இரண்டு வாளி இருந்தது, பொறுக்கி எடுத்தது, நான் கண்டனான். முந்நூறு பேருக்குச் சமைக்கிற மனுசியிட்ட அதையும் போய்க் கேட்க எனக்கு முகம் வரேல்லை. பஸ்ஸில ஏறுறது அதைவிட லேசாய் இருந்தது."

கொட்பிறி சொல்லி முடிக்குமட்டும் ஏடித் கண்ணை மூடியிருந்தார்.

"அவரிட்டச் சொல்லு. பிள்ளை இருமினது எனக்குக் கேட்டது. நாலு இரவு. தட்டட்டும் போவம் எண்டு நான் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

இதைக் கொட்பிறியால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தான், வேறு ஏதோ வந்தது.

"வில்ஃப், இது மாமி சொன்னதில்லை. இது நான். நீங்கள் என்னை உள்ளுக்குக் கூப்பிட்டனீங்கள். பிறகு ஏழு வருசம் நீங்கள் தனிய அள்ளுறதைக் கண்ணாடியில பார்த்துக்கொண்டு போனனான். எனக்கு அந்தச் சண்டையில ஒரு பங்கும் இல்லை. ஊர் என்னோட கதைக்க வேணும் எண்டதுக்காகத்தான் உங்களோட கதைக்காமல் விட்டனான். அது பிழை."

வில்ஃப் பதில் சொல்ல வாயெடுத்தார். இரண்டு நாள் பழக்கம். நேரே சொல்ல அவருக்கும் நா எழவில்லை. இங்கும் அங்கும் பார்த்தார். அறையில் நடுவில் நிற்கக்கூடிய ஆள் வேறு ஒருவர்தான் இருந்தார். அவர் பக்கம் திரும்பினார்.

"ஈடி," என்றார். சின்னப்பிள்ளையாய் இருக்கும்போது அக்காவைக் கூப்பிட்ட பெயர். "அவனிட்டச் சொல்லு, நான் அவனில கோவம் ஒண்டும் வைச்சுக்கொண்டு இருக்கேல்லை எண்டு."

நாற்பது வருடத்தில் தம்பி அக்காவிடம் நேரே சொன்ன முதல் பேச்சு. ஏடித் அதைக் கேளாததுபோல விட்டுவிடலாம். சுவர்ப் பக்கம் திரும்பலாம். ஆனால் தலையைக் கொட்பிறி பக்கம் உருட்டினார்.

"உன்னில கோவம் ஒண்டும் வைச்சுக்கொண்டு இருக்கேல்லையாம்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். "இனி உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில நிற்க எனக்கு ஏலாது. நீங்களே கதையுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு ஆண்களுக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் இந்த முறை வெயில் எப்படி என்று கொட்பிறி கேட்டான். மோசம் என்றார் வில்ஃப். மகனைப் பற்றிச் சொன்னார், மூன்று பேரப்பிள்ளைகள், மூத்தவள் நீச்சலில் கெட்டிக்காரியாம். பிறகு கொட்பிறி தன் பஸ் கதைகளைச் சொன்னான், பாதி பொய். ஜீன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவடியில் நின்று கேட்டாள். ஏடித் நித்திரையோ, கேட்டுக்கொண்டு கிடந்தாரோ, ஒருவருக்கும் தெரியாது. வில்ஃப் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்தார். மறுநாள், வியாழக்கிழமை விடியப்புறம் ஏடித்தின் மூச்சு நின்றபோது, வில்ஃப் ஏதோ ஒரு மழைநாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் கொட்பிறி எழும்பி ஜீனைக் கூப்பிடப் போனான்.